ஹாஃப் கட் போட்டு இன்ஜெக்ஷனுக்கு மாத்துற ஆக்கள் கவனம்: ரூ. 3,85,000 போச்சு

வன்னியில பழைய கார்பரேட்டர் காரை இன்ஜெக்ஷனுக்கு (கொம்பியூட்டர் அளந்து பெற்றோல் அடிக்கிற முறைக்கு) மாத்த நினைக்கிற ஆக்கள் காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ. ஏ9 றோட்டுக் கரையில சாமானும் வித்து வேலையும் செய்யிற ஒரு கராஜ். பேர் எழுதேல்லை. போன காசு ரூ. 3,85,000.

கார் 5ஏ-எஃப் எஞ்சின் உள்ள பழைய கொரோல்லா. ஏத்தினது ஹாஃப் கட்டில, அதாவது வெட்டின முன்பாதிக் காரில வந்த 5ஏ-எஃப்இ எண்ட இன்ஜெக்ஷன் எஞ்சின். ஒரே குடும்ப எஞ்சின், கியர்பொக்ஸும் பொருந்தும். அதனால கஷ்டமான வேலை எஞ்சினை ஏத்துறது அல்ல. வயரிங்கும் பெற்றோல் லைனும்தான்.

நம்ப வைச்சது இதுதான். ஹாஃப் கட்டை நிலத்தில வைச்சு, கண்ணுக்கு முன்னால கராஜ்காரர் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். ஒரே அடியில பத்திச்சு, புகை ஒரு பொட்டும் இல்லை. "அண்ணை, கொம்பியூட்டர், வயரிங், பம்ப் எல்லாம் இதே காரின்ர. ஒரு வயரும் வெட்டமாட்டன்." அந்தச் சொல்லுக்குத்தான் ரூ. 3,85,000 எண்ணிக் குடுத்தது.

ஹாஃப் கட் எண்டால் காரின்ர முன்பாதி. டாங்கும் பம்பும் பின்பாதியில. அதே காரின்ர பம்ப் எண்டது முழுப் பொய்.

வெளியில எடுத்தால் ஐட்லிங்கில நல்லா நிண்டது. மூண்டாம் கியரில மிதிச்சால் மூச்சுத் திணறி விழுந்தது. கேட்டால், "ஓட ஓட செட் ஆகும் அண்ணை." பிறகு, "உங்கட பெற்றோல் சரியில்லை." அதுக்குப் பிறகு, "வயரிங் செய்த பெடியன் வேலையை விட்டுப் போட்டான்." இப்ப போனே எடுக்கிறதில்லை.

ஃபில்டருக்குப் பிறகு பெற்றோல் பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தம். பிரஷரைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரின்ர வக்யூம் குழாயைக் கழட்டினால் இந்த எஞ்சினுக்கு 38 முதல் 44 பி.எஸ்.ஐ. நிக்க வேணும். முள் 20 கிட்டத் துடிச்சுக்கொண்டு நிண்டது. தேஞ்சுபோன பம்ப். புதுப் பம்ப் போட்டதும் பிரஷர் சரி. ஆனால் கார்பரேட்டருக்குப் போட்ட சாதாரண ரப்பர் குழாய் கிளிப்படியில கசியத் தொடங்கிச்சு, பிளக் நாலும் கரி பிடிச்சுது. ஏன் எண்டு தேடினால், தண்ணிச் சூடு பார்க்கிற சென்சரின்ர வயர் ரெண்டையும் வெட்டி, நடுவில ஒரு ரெசிஸ்டர் வைச்சு டேப் சுத்திக் கிடக்குது. அதின்ர நிறக் கோடுகள் சிவப்பு, சிவப்பு, சிவப்பு: 2.2 கிலோ ஓம். இது ஏறக்குறைய 20 பாகை செல்சியஸுக்கான அளவு. எஞ்சின் எப்பவும் குளிரா இருக்கெண்டு கொம்பியூட்டர் நினைச்சுக் கூடப் பெற்றோல் அடிக்கும். பம்பின்ர குறையை மறைக்கவெண்டே வேணுமெண்டு செய்த வேலை இது!

செக் எஞ்சின் லைட்டின்ர வயரும் குடுக்கேல்லை. நாங்கள் ஒரு பல்ப் குடுத்து, டயக்னோசிஸ் பெட்டியில டிஇ1, இ1 எண்ட ரெண்டு முனையையும் இணைச்சால் பல்ப் 41 எண்ட பிழைக் கோட்டை மினுக்கிக் காட்டிச்சுது. அது த்ரொட்டில் சென்சர், அக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறம் எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லுறது. அதின்ர பிளக்கிலயும் வயர் மாறிக் கிடந்தது. ரூ. 3,85,000 வாங்கின ஆள் செய்த வயரிங் இது.

எஞ்சின் நம்பர் மாறினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிய எஞ்சினின்ர பத்திரம் வேணும். அதுவும் இண்டைக்கு வரைக்கும் தரேல்லை.

எல்லாத்தையும் விரிவா எழுதத்தான் நினைச்சன், இப்ப ஏலாது. இவ்வளவையும் பாருங்கோ:

பம்ப் ஆரின்ர, எந்த எஞ்சினுக்கு எண்டு பில்லில எழுதுவியுங்கோ. காசு முடிக்க முதல் கேஜ் போட்டு, ஆக்களை ஏத்தி ஓடிப் பாருங்கோ. ஐட்லிங்கை நம்பாதேங்கோ. சாவி போட்டதும் செக் லைட் எரிய வேணும், ஸ்டார்ட் பண்ண அணைய வேணும். எரியாட்டி வண்டியை எடுக்காதேங்கோ. இன்ஜெக்ஷன் குழாய் வேற, கார்பரேட்டர் குழாய் வேற, மாத்திப் போட்டால் கசிஞ்சு நெருப்புப் பிடிக்கும். பில் இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பரில போன் அடிக்கலாம்.