நீலக் கிருஷ்ணகமலம் என்று வாங்கி ஏமாந்தேன்: பூப் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கிருஷ்ணகமலக் கொடியை, அதாவது பேஷன் ஃபிளவரை, ஆன்லைனில் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு ஒன்றரை வருடம் வீணாய்ப் போனது.

விற்பனைப் படத்தில் இருந்தது உள்ளங்கை அகல நீலப் பூ. வெளிறிய பத்து இதழ்கள், அதன்மேல் ஊதா, வெள்ளை, நீலம் என்று வளையம் வளையமாக இழைகள். பாசிஃப்ளோரா கேருலியா என்று அதன் தாவரவியல் பெயரும் போட்டிருந்தார்கள். வந்தது ஒரு சாண் கன்று. இலை மூன்று பிரிவாக இருந்தது. அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை.

பெரிய தொட்டி, நல்ல வெயில், ஏறுவதற்குக் கம்பிவலை எல்லாம் கொடுத்தேன். கொடி மளமளவென்று ஏறியது, மொட்டு மட்டும் இல்லை. விற்றவரிடம் கேட்டால், "தழைச்சத்து கூடிப்போச்சு, சாம்பல் சத்து வையுங்க" என்றார். தழைச்சத்து கூடினால் இந்தக் கொடிகள் இலையாகவே தள்ளும் என்பது உண்மைதான். அதனால்தான் நம்பினேன். அப்புறம் தண்டின் அடிப்பகுதி தக்கை மாதிரி தடித்து, நீளவாக்கில் வெடிக்க ஆரம்பித்தது. படம் அனுப்பினேன். "பூஞ்சை" என்று சொல்லி மருந்தையும் அவரே விற்றார். அதையும் வாங்கி அடித்தேன்.

கடைசியில் ஒருநாள் காலை, இலைக்காம்பின் இடுக்கில் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையாக ஏதோ விரிந்திருந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழே கிடையாது. வெளிர்பச்சையில் ஐந்து புல்லி, நடுவில் சின்ன இழை வளையம், அவ்வளவுதான். தேடிப் பார்த்ததில் அது பாசிஃப்ளோரா சுபரோசா, அதே இனத்தில் வேறொரு கொடி. முற்றிய தண்டு தக்கையாவது அந்தக் கொடியின் இயல்பு, நோயே இல்லை. நல்லாயிருந்த செடிக்கு மருந்தடித்திருக்கிறேன்.

புகார் சொன்னதற்கு, "7 நாளுக்குள் சொல்லியிருக்கணும்" என்று பதில். பூக்க மாதக்கணக்காகும் கொடியில் 7 நாளில் யாருக்கு என்ன தெரியும்? விடாமல் கேட்டதும் மாற்றுக் கன்று ஒன்று வந்தது. தொட்டால் ஆடியது. இரண்டு விரலால் லேசாகத் தூக்கினேன், குச்சி அப்படியே கையோடு வந்துவிட்டது. ஒரு வேர்கூட இல்லை. சாய்வாக வெட்டிய முனை கறுத்து அழுகியிருந்தது. கொடியை நறுக்கி மண்ணில் குத்தி அனுப்பியிருக்கிறார்கள்! பணம் இன்றுவரை திரும்பவில்லை.

பூப் படத்தை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் எடுத்துப் போடலாம். உங்களுக்கு அனுப்பப்போகும் அதே கன்றின் இலை, தண்டின் அடி, தொட்டியின் அடித்துளை ஆகியவற்றைப் படமெடுத்துக் கேளுங்கள். துளையில் வேர் எட்டிப்பார்த்தால் நல்லது. கேருலியாவின் இலை பெரும்பாலும் விரித்த கை மாதிரி ஐந்து பிரிவு, ஓரம் வழவழப்பாக இருக்கும். மூன்று பிரிவும் ரம்பப் பல் ஓரமும் இருந்தால் அது பழத்துக்கு வளர்க்கிற கொடித்தோடையாக இருக்கலாம். இலை மெத்தென்று ரோமமாக இருந்து, கசக்கும்போது நாறினால் அது சிறுபூனைக்காலி, இதே இனத்துக் காட்டுக்கொடி. சின்னக் கன்றில் பிரிவுகள் குறைவாக இருக்கலாம் என்பதால், "வளர்ந்தா சரியாகிடும்" என்று சொல்ல அவர்களுக்கு வசதி. அப்படிச் சொன்னால் தாய்க்கொடியின் இலையையும் பூவையும் ஒரே வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே சுபரோசா உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் காய் கறுக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். பறவைகள் தின்று விதையைப் பரப்பும், பல நாடுகளில் இது களையாகவே பரவிக் கிடக்கிறது. நான் தாமதித்ததில், பக்கத்துத் தொட்டிகளில் முளைத்தவற்றை இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.