ஒயில் மாற்றுவதா, கியர்பொக்ஸையே மாற்றுவதா?

மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் நேரே ஓடும்வரை பழைய ஓட்டோ கியர் வான் வண்டியில் குறை தெரியாது. பரந்தன் சந்தியில் நின்று எடுக்கும்போது இழுவை தாமதிக்கும், உதறும்.

கியர்பொக்ஸ் ஒயில் மாற்றுவது மலிவு. பழைய டொயோட்டா என்றால் எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓட, கியர்பொக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஒயிலின் சிவப்பு மங்கியிருந்தால் மாற்றிப் பார்க்கலாம். ஒருமுறை வடித்தால் முழுவதும் வராது, எஞ்சினின் இழுவையைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரில் நிறைய நிற்கும். கொஞ்சம் ஓடி மறுபடி மாற்றவேண்டும். திரொட்டிலிலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் திரொட்டில் கேபிளையும் பாருங்கள். அது பிசகினாலே கியர் மாறும் நேரம் பிசகும், சரிசெய்யப் பெரிய செலவில்லை.

கருகிய மணமும் துணியில் உலோகத் தூளுமா? சரி, புது ஒயில் வீண்காசு. பாவித்த ஜப்பான் கியர்பொக்ஸ் தேட வவுனியா, கொழும்பு என்று அலையவேண்டிவரும். கொன்வேட்டரோடு சேர்த்தே வாங்குங்கள். உங்கள் பழைய கொன்வேட்டரில் தூள் தங்கியிருக்கும்.