பீச் ஸ்டேஷன்: கடல் கிடையாது, ஜன்னல் சீட் உண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பீச் இருக்காது. பெயரை நம்பிக் காற்று வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம் துறைமுகமும் இன்னொரு பக்கம் பர்மா பஜாருமாக நடுவில் முழிக்க வேண்டியதுதான். பெயர் பொய்யில்லை, பழசு. இன்றைய ராஜாஜி சாலைக்கு ஒரு காலத்தில் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்றே பெயர்; துறைமுகம் வந்தது, கடல் தள்ளிப் போனது, போர்டில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சரி, எதற்கு இந்த ஸ்டேஷன்? சீட்டுக்கு. தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் போகிற மின்ரயில்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் மாலை நேரத்திலும் கொஞ்சம் முன்னால் வந்தால் ஜன்னல் ஓரம் உங்களுக்கு. வழியில் பார்க் ஸ்டேஷனில் ஏறினால் நிற்கத்தான் இடம் என்று தெரிந்தவர்கள் அங்கிருந்து எதிர்த்திசையில் பீச் வரை வந்து, வசதியாக உட்கார்ந்து திரும்பிப் போவதும் உண்டு (அதற்கும் டிக்கெட் எடுங்கள் சாமி).

இந்தத் தடத்துக்கு வயசும் ஜாஸ்தி, பெருமையும் ஜாஸ்தி. 1931 மே 11 அன்று பீச்–தாம்பரம் மின்ரயில் ஓட ஆரம்பித்தது. இந்தியாவில் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்) பாதையில் மின்சார ரயில் வந்தது இங்கேதான் முதலில். அப்போது 1,500 வோல்ட் டி.சி., 1960களில் அதை 25,000 வோல்ட் ஏ.சி.யாக மாற்றினார்கள். ஆனால் அந்த ஒடுக்கமான மீட்டர் கேஜ் பெட்டிகளை விட்டு முழுசாக வெளியே வர 2004 ஜூலை ஆகிவிட்டது. 73 வருஷம்! நகரம் தாம்பரத்தைத் தாண்டி எங்கேயோ போன பிறகும் பாதையின் அகலம் மட்டும் அப்படியே இருந்தது.

தூண்களின் மேல் போகும் பறக்கும் ரயில் 1995இல் இங்கிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, வேளச்சேரியைத் தொட 2007. எனக்கு இந்த ஸ்டேஷனை மதிப்பிட அதைவிட முக்கியமாகத் தெரிவது நான்காவது பாதை. எழும்பூர்–பீச் இடையே 4.3 கிலோமீட்டர்தான், அதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாசம் என்றார்கள், திரும்பி வந்தது 2024 அக்டோபர் 29. வேலை அவசியமானது, அதில் சந்தேகமில்லை. எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் ஒற்றைப் பாதையில் முட்டிக்கொண்டிருந்தால் லோக்கலுக்கும் சேர்த்துத்தான் தலைவலி. ஆனால் ஏழு மாசத்தை இரட்டிப்பாக்கியதை தினமும் பஸ் மாறிப் போனவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள்.

அப்புறம் 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. மின்ரயில். தானாக மூடும் கதவு, 12 பெட்டி, சித்திரை வெயிலில் சொர்க்கம். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதா வண்டியில் அது 5 ரூபாய். செங்கல்பட்டு வரை போனால் 105. சீசன் டிக்கெட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது பண்டிகைப் பலகாரம் மாதிரி. வண்டிகளும் குறைவு, நேரம் பார்த்து வராவிட்டால் பழைய வண்டிதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தண்டவாளத்துக்குச் செலவான அக்கறையில் பாதி நடைமேடைக்கும் வந்தால் நாலு. கடல்தான் வேண்டுமென்றால் இங்கேயே பறக்கும் ரயில் ஏறி, கலங்கரை விளக்கத்தில் இறங்கி நடந்து போங்கள்.