பாங்காக் சூட்கேஸா, யிவூ அட்டைப்பெட்டியா?

ஃபேன்சி ஸ்டோர்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் "பாங்காக்கில் பாதி விலை, சீனாவில் கால் விலை" என்ற இடத்துக்கு வந்துவிடும். அதைக் கேட்டு பாங்காக்குக்கும், சீனாவின் மொத்தச் சந்தை ஊரான யிவூவுக்கும் போய் வந்தவன் நான். விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே கால்குலேட்டரில் தட்டிக் காட்டும் விலை வேறு, சரக்கு நம் கடைக்கு வந்து சேரும்போது ஆகும் விலை வேறு.

பாங்காக் சுலபம். சென்னையிலிருந்து மூன்றரை மணி நேர விமானம். துணி என்றால் பிரதூனம். அங்கே பிளாட்டினம் மாலில் பல கடைகளில் மூன்று உருப்படி எடுத்தாலே மொத்த விலை போட்டுவிடுவார்கள். கிளிப், ஹேர்பேண்ட், சாவிக்கொத்து, மணி, ரிப்பன் என்றால் சைனா டவுனில் சாம்பெங் சந்து. எதிரே ஆள் வந்தால் தோளைத் திருப்பிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதற்குள்ளேயே தள்ளுவண்டியும் வரும், மோட்டார் சைக்கிளும் வரும். டஜன் டஜனாக எடுத்து, அன்று இரவே பெட்டி கட்டிவிடலாம். என்ன வாங்கினோம் என்பது கண்ணெதிரே இருக்கும்.

ஆனால் சாம்பெங்கில் தொங்குவதில் கணிசமான சரக்கு சீனாவிலிருந்து வந்ததுதான். தாய்லாந்து வியாபாரியின் லாபத்தையும் சேர்த்துத்தான் நாம் கொடுக்கிறோம். அதில் எனக்கு வருத்தமில்லை. பெரிய பெட்டியை உடைத்து நமக்கு ஒரு டஜன் தருகிறாரே, அதற்கான கூலி அது.

யிவூவில் பெரும்பாலான கடைகளில் அந்த வேலையைச் செய்வதில்லை. ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். 1982-ல் சாதாரணச் சந்தையாகத் தொடங்கியது இன்று பல பெரும் பகுதிகளில் 75,000க்கும் மேற்பட்ட கடைகளாக நிற்கிறது. கடை என்றால் நம் ஊர்க் கடை மாதிரி இல்லை. சுவர் முழுக்க மாதிரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். நான் ஒரு கிளிப்பைத் தொட்டதும் கடைக்கார அம்மா சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சீட்டில் எழுதினார்: ஒன்றின் விலை, ஒரு பெட்டியில் எத்தனை, பெட்டியின் கன அளவு. ஒரே ஒரு டஜன் கேட்டேன். சிரித்துவிட்டு மறுபடியும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சீட்டின் கடைசி எண்தான் முக்கியம். கப்பலில் கன்டெய்னரைப் பங்கு போட்டு அனுப்பும்போது பெரும்பாலும் கன மீட்டர் கணக்கில்தான் காசு, 'சி.பி.எம்.' என்பார்கள். 60க்கு 40க்கு 50 சென்டிமீட்டர் பெட்டி ஒன்று 0.12 சி.பி.எம்.; எட்டுப் பெட்டி வைத்தால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் நிறைந்துவிடும். அந்த எட்டில் கிளிப் இருந்தால் ஆயிரக்கணக்கில் வரும். பிளாஸ்டிக் கூடை இருந்தால் காற்றுக்குக் கப்பல் கூலி கொடுக்கிறோம். விமான லக்கேஜில் கிலோதான் பிரச்சினை. ஆகவே கனமில்லாத, கொஞ்சம் விலை வைக்கக்கூடிய சரக்குக்கு பாங்காக். இடத்தை அடைக்காமல் எண்ணிக்கையில் ஓடும் சரக்குக்கு யிவூ.

தென் சீன நகரமான குவாங்சோவையும் சொல்லாமல் விடக் கூடாது. கைப்பை, வாட்ச், துணி இவற்றில் தரம் பார்த்து எடுப்பவர்களுக்கு அதுதான் ஊர். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கேன்டன் கண்காட்சி என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும். அந்தச் சமயம் ஹோட்டல் வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். ஃபேன்சி சாமானுக்காக மட்டும் அங்கே போகத் தேவையில்லை.

யிவூவில் இன்னொரு சிக்கல், ஏஜென்ட். நாம் திரும்பிய பிறகு சரக்கை வாங்கி, எண்ணி, ஏற்றுபவர் அவர்தான். ஐந்து கலரில் கேட்ட ஹேர்பேண்ட் அத்தனையும் எனக்கு ஒரே பழுப்பு நிறத்தில் வந்தது. திருப்பி அனுப்பும் செலவில் புதிதாகவே வாங்கிவிடலாம் என்பதால் இரண்டு தீபாவளி பழுப்பாகவே போனது.

சுங்கத்தில் ஏமாறாதீர்கள். பயணிகளுக்கான சலுகை சொந்த உபயோகத்துக்குத்தான். ஒரே கிளிப் நானூறு இருந்தால் 'தங்கச்சிக்கு' என்று சொல்லி யாரை நம்ப வைப்பது? குருவிகள், அதாவது பயணி போலப் போய்ச் சரக்கு கொண்டுவரும் ஆட்கள், தினமும் போய் வருகிறார்களே என்பார்கள். பிடிபட்டால் அவர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். கப்பலில் முறையாகக் கொண்டுவர இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், இறக்குமதியில் கட்டிய ஜி.எஸ்.டி.யை (ஐ.ஜி.எஸ்.டி.) பதிவு பெற்ற வியாபாரி கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பொம்மையை மட்டும் கனவிலும் தொடாதீர்கள். 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அடிப்படைச் சுங்க வரியும் 2020-ல் 20லிருந்து 60 சதவீதமாகி, 2023-ல் 70-ஐத் தொட்டது.

என் கணக்கு இதுதான்: ஒரே கடை, வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவர் என்றால், புது டிசைன் பார்க்க பாங்காக் போகலாம். மூன்று நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து பெட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தால் யிவூ. எதற்குக் கிளம்பினாலும் முதல் நாள் சென்னையின் மொத்தக் கடைப் பகுதியான சௌகார்பேட்டையில் ஒரு சுற்று சுற்றி விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் சாம்பெங், எதிர்ப்பக்கம் சௌகார்பேட்டை. டிக்கெட், தங்கும் செலவைச் சேர்த்துப் பார்த்ததில் பதினொரு அயிட்டத்தில் ஏழு, சௌகார்பேட்டை மின்ட் தெருவிலேயே மலிவு.