உணர்ச்சி அட்டைப் பெட்டி: நான்காம் வகுப்பில் ஒரு பருவம்

நான்காம் வகுப்பு ஆசிரியராகிய நான், கடந்த பருவத்தின் தொடக்கத்தில் 750 ரூபாய்க்கு ஓர் உணர்ச்சி அட்டைப் பெட்டியை இணையவழி வாங்கினேன். 48 அட்டைகள், சுவரில் மாட்டும் நான்கு நிறப் படம், ஆசிரியருக்கான சிறு கையேடு ஆகியவை அதில் இருந்தன. காலை வணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் வந்ததும், ஒவ்வொரு மாணவரும் தம் பெயர்ச் சீட்டை அன்றைய மனநிலைக்கு ஏற்ற அட்டையின் கீழ்ச் செருக வேண்டும் என்பதே செயல்முறை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

பெட்டியின் பயனை இரண்டாம் வாரத்திலேயே கண்டேன். எப்போதும் அமைதியாக இருக்கும் ஒரு மாணவன் நான்கு நாள் தொடர்ந்து ‘கோபம்’ அட்டையின் கீழ்ச் சீட்டைச் செருகியிருந்தான். அவன் முகத்தில் கோபம் தெரியவில்லை. இடைவேளையில் அருகில் அமர்த்தி விசாரித்தபோது, நெடுநேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “கபடிக்கு என்னை மட்டும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க டீச்சர்” என்றான். அட்டை இல்லாவிட்டால் அந்த வாக்கியம் என்னிடம் வந்திருக்காது. இதற்காகவே கொடுத்த விலை தகும் என்று கருதுகிறேன்.

ஆனால் அவன் மனநிலைக்கு உரிய சொல் அந்த 48 அட்டைகளில் எதிலும் இல்லை. அட்டைகளிலுள்ள சொற்கள் ஆங்கிலப் பட்டியலிலிருந்து நேரே பெயர்க்கப்பட்டவை. ஒரு கணக்கு வராதபோது குழந்தைக்கு வருவது எரிச்சல். அட்டையோ அதை ‘விரக்தி’ என்கிறது. வாழ்க்கையே வெறுத்துப்போன ஒருவருக்குரிய சொல்லை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது சரியன்று. உணர்ச்சிகளைப் பெயரிட்டுப் பகுப்பது தமிழுக்குப் புதிதும் அன்று. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியம், ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களையும் நான்கு நான்காகச் சொல்கிறது. அவற்றுள் அழுகைக்குச் சொன்ன நான்கில் முதலாவது இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டு எளியவராதல். கபடியில் சேர்க்கப்படாத அந்த மாணவனுக்கு நேர்ந்தது அதுதான். அட்டையில் கிடைக்காததால் கோபத்தின் கீழே போய் நின்றிருக்கிறான்.

நான்கு நிறப் படம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உருவான மனநிலை அளவியைத் தழுவியது. மனத்துக்கு இதமா இல்லையா, உடலில் வேகம் மிகுதியா குறைவா என்ற இரண்டு கேள்விகளால் மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று பிரியும் அந்த முறை தெளிவானது. எனினும், தப்பைச் சிவப்பு மையால் சுழிக்கும் வகுப்பறையில் சிவப்பு என்றால் தப்பு என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லாச் சீட்டுகளும், இதமான அமைதியைக் குறிக்கும் பச்சையில்தான் இருந்தன. எந்த நிறமும் குற்றமன்று என்று பலமுறை எடுத்துச் சொல்லி, சுவர்ப்படத்தை அகற்றி, யாரும் பாராதபடி சீட்டைப் போட நிறத்துக்கொரு துணிப்பை வைத்த பிறகே உண்மையான சீட்டுகள் விழத் தொடங்கின. பிறர் பார்வையில் பெயரோடு உணர்ச்சியை வைக்கச் சொல்வது கூச்சமுள்ள பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமை என்பதைக் கையேடு எண்ணியிருக்க வேண்டும்.

கையேட்டில் அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பள்ளிகளில் உணர்ச்சி, உறவுத் திறன்களைக் கற்பிக்கும் துறையில் 1994 முதல் இயங்கிவரும் அமெரிக்க அமைப்பான கேசல், தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவு பேணுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல் என்று ஐந்து திறன்களைக் கூறுகிறது. இப்பெட்டி முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. அதையாவது ஆசிரியரே ஈடுசெய்யலாம். ஆனால் ஒரு பிள்ளை ‘பயம்’ அட்டையைக் காட்டி, வீட்டில் அடி விழுவதைச் சொன்னால் ஆசிரியர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098 எங்கும் அச்சிடப்படவில்லை. மனத்தைத் திறக்கச் சொல்லும் ஒரு பொருள், திறந்தபின் வருவதை ஏற்க ஆசிரியரையும் ஆயத்தப்படுத்த வேண்டும். நான் அந்த எண்ணைக் கையேட்டின் உள்ளட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தாளின் தரத்தில் குறையில்லை. ஒரு பருவம் கைமாறியும் முனைகள் மடங்கவில்லை.

வாங்க எண்ணும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: பெட்டியின் அடியில் கிடக்கும் ஆறு வெற்று அட்டைகளை முதல் நாளே எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். என் வகுப்பில் அவற்றில் ‘ஏக்கம்’, ‘கடுப்பு’, ‘வெட்கம்’ என்று எழுதினார்கள். ‘யாரும் சேர்த்துக்கல’ என்று ஓர் அட்டையில் எழுதியவன் அந்த மாணவன். அதன் பிறகு வேறு மூவரின் சீட்டுகளும் அதன்கீழ் வந்தன.