அத்தையின் கதைக்கு ஒரு ஃபைல்: ஊரில் நான் பார்த்த பராமரிப்பு

இந்த முறை ஊருக்குப் போனதே அத்தையைப் பார்க்கத்தான். அப்பாவின் அக்கா, எண்பதைத் தாண்டியவர், அல்சைமர் என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச காலம் ஆகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் பெரியவர்களை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகளோடுதான் நானும் போனேன்: என்ன வசதி இருக்கிறது, யாரைப் பிடிக்கலாம், யாரை நம்பி விடலாம். மருத்துவமனை, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி, பகல்நேரப் பராமரிப்பு மையம் என்று மூன்று இடத்துக்கும் போய் வந்ததில், என் மனம் நிறைந்தது அந்த மையத்தில்தான். அங்கே அத்தையோடு உட்கார்ந்து அவருடைய வாழ்க்கைக் கதையை ஒரு புத்தகமாக உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன், மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவத்தில் பெரிய குறை இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், தைராய்டும் பி12 வைட்டமினும் பார்த்தார்கள் (இவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், சரிசெய்ய முடியும் என்பதால் இதைப் பார்ப்பது அவசியம்), மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் பொறுமையானவர். ஆனால் அத்தை எதிரிலேயே உட்கார்ந்திருக்க, கேள்வியெல்லாம் அத்தானிடமும் என்னிடமும்தான் வந்தது. ஏஜென்சி அனுப்பிய பெண்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள், ஆனால் ஆளை மாற்றும்போது முன்கூட்டிச் சொல்வதில்லை. அத்தை ஒரு முகத்துக்குப் பழகுவதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். புதிதாக வருகிறவர் கையில் ஏஜென்சி கொடுத்தனுப்பும் தாளில் மாத்திரை நேரம், டயப்பர் மாற்றும் நேரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய நம்பர் எல்லாம் இருக்கும். இந்த அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், யாராவது கத்திப் பேசினால் பிடிக்காது, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார் என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை.

அந்த இடத்தை நிரப்பத்தான் மையத்தில் புத்தகம் செய்கிறார்கள்.

சமூகப் பணியாளராக இருக்கும் ஒரு பெண்ணும் இரண்டு தன்னார்வலர்களும் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன்னால், “உங்க கதையை எழுதலாமாம்மா? இன்னிக்கு வேண்டாம்னா விட்டுடலாம்” என்று அந்தப் பெண் கேட்கிறார். போன வாரம் சரி என்று சொன்னது அத்தைக்கு நினைவில் இருக்காது, அதனால் பழைய சம்மதம் செல்லாது என்பது அவருடைய கணக்கு. அத்தை “வேண்டாம்” என்று சொன்ன நாளில் உண்மையிலேயே ஃபைலை மூடி வைத்துவிட்டார். நான் ஊரிலிருந்து கிளம்ப வேண்டிய நாள் நெருங்குகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பதற்றம்தான், ஆனால் அவர் செய்ததுதான் சரி.

ஒரு நாள் எக்ஸ்சேஞ்சில் எடுத்த குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். வரிசையாக நிற்கும் பெண்களில் தானும் ஒருவர் என்பது அத்தைக்குப் பிடிபடவில்லை. நம் வீடுகளில் என்றால் உடனே “இது யாருன்னு சொல்லு பார்ப்போம்” என்று ஆரம்பித்துவிடுவோம், தெரியாமல் முழிக்கும்போது அவர்களுக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று யோசிப்பதில்லை. அந்தப் பெண் அப்படிக் கேட்கவே இல்லை. “இவங்கெல்லாம் உங்க கூட வேலை பார்த்தவங்க, ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தவங்க” என்று தானே சொல்லிவிட்டு, “அந்த ஒயரை எங்கம்மா சொருகுவீங்க?” என்றார். அத்தையின் இடது கை காதருகே போய் எதையோ சரிசெய்தது, வலது கை மேஜை விளிம்பிலிருந்து ஒன்றை இழுத்து எதிரே, கண்ணுக்கு நேர் உயரத்தில் சொருகியது. அப்புறம் திருத்தமான குரலில், “லைன்ல இருங்க, கிடைச்சதும் கூப்பிடறேன்” என்றார். அன்றைக்கு மதியம் வரை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்த வாக்கியத்தையே பெரிய எழுத்தில் அந்தப் பக்கத்துக்குத் தலைப்பாக வைத்தார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அல்சைமரில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் வேலை அதனுடையது என்பதால் நேற்று நடந்ததுதான் முதலில் போகும். கை பழகிய வேலைகளின் நினைவு மூளையில் வேறு இடங்களைச் சார்ந்தது, பல பேருக்கு அது வெகுகாலம் தங்குகிறது. அதோடு, நோய் இல்லாத முதியவர்களிடம் கேட்டாலும்கூட ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் அதிகமாக நினைவுக்கு வரும் என்பது உளவியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் புத்தகத்தில் பள்ளிக்கூடம், முதல் வேலை, கல்யாணம் வரைக்கும் பக்கங்கள் அதிகம். பேரன் பேத்திகளின் சமீபத்திய படங்கள் பின்னால் கொஞ்சம்தான் இருக்கின்றன. இதில் அத்தானுக்கு வருத்தம். ஆனால் இந்தப் புத்தகம் அத்தைக்காக, குடும்ப ஆல்பம் தனியாக இருக்கவே இருக்கிறது.

செய்யும் முறையும் எளிமையானதுதான். வளையம் போட்ட ஃபைல், ஏ4 தாள், பக்கத்துக்கு ஒரு படம், கீழே இரண்டு மூன்று வரி. தாள் பளபளப்பாக இருக்கக் கூடாது, விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசும். பின்னணியில் பூவேலை, பார்டர் எதுவும் வேண்டாம், எது படம் எது அலங்காரம் என்று கண்ணும் மூளையும் தடுமாறும். எழுதுவது “நான்” என்றுதான், முடிந்தவரை அவர் சொன்ன சொற்களிலேயே. ஒரிஜினல் போட்டோவை ஒட்டவே கூடாது, ஸ்கேன் செய்த பிரதிதான். வளைய ஃபைல் எதற்கு என்றால், ஒரு பக்கம் அத்தையை அழவைக்கிறது என்று தெரிந்தால் மறுநாளே கழற்றிவிடலாம்.

குடும்பத்துக்குள் சச்சரவு வந்தது எது உண்மை என்பதில்தான். வீட்டில் எல்லோருக்கும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்கிறார் அத்தை. அது தாத்தா என்று என் அப்பா ஃபோனில் சத்தம் போடுகிறார். சமூகப் பணியாளர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, “சார், இது கோர்ட்டுல குடுக்கிற வாக்குமூலம் இல்ல, அம்மாவோட புத்தகம்” என்றார். அத்தை சொன்னபடியே எழுதினார்கள். ஆனால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் காது மந்தம் என்பது போன்ற தகவல்களை மட்டும் வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

இதைவிடக் கஷ்டமானது சாவு. மாமா இறந்து பல வருஷம் ஆகிறது, அத்தைக்கு அது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. இறந்த தேதியோடு ஒரு பக்கம் வைத்தால், படிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி அவருக்குப் புதிதாக வந்து விழும். அதனால் மாமாவின் பக்கங்களில் அவர் வாழ்ந்தது மட்டும் இருக்கிறது, சைக்கிளில் வந்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் காத்திருந்தது, இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சண்டைகள்கூட. “அவர் எங்கே?” என்று அத்தை கேட்டால் என்ன செய்வது என்று மையத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: “வந்துடுவார்” என்று பொய் சொல்லவும் வேண்டாம், “போயிட்டாரே” என்று எடுத்தவுடன் போட்டு உடைக்கவும் வேண்டாம், “அவர் நினைப்பு வந்துடுச்சா? அவரைப் பத்திச் சொல்லுங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இன்னொன்று, அத்தைக்குக் கைக்குழந்தையிலேயே போய்விட்ட ஒரு மகள் உண்டு. அவளுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று எங்களில் சிலர் ஆசைப்பட்டோம். அத்தையிடம் மெதுவாகக் கேட்டபோது, “அது வேண்டாம்” என்றார், தெளிவாக. விட்டுவிட்டோம். தன் வாழ்க்கையில் எதை மற்றவர் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவெடுக்கும் உரிமை நோய் வந்ததால் போய்விடாது, அதை அந்த அறையில் நேரில் பார்த்தேன்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காகத் தேடிப் படித்தேன். முதுமையில் கடந்ததைத் திரும்பிப் பார்ப்பது புலம்பல் அல்ல, இயல்பான மன வேலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963லேயே எழுதினார். நினைவுகூரும் பயிற்சிகளைப் பற்றி 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2018ல் வெளியிட்டது. வாழ்க்கைத் தரத்திலும் பேச்சுத் தொடர்பிலும் நன்மை உண்டு, ஆனால் அது சிறியது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்கிறது. நோயை நிறுத்தும் என்று யாரும் சொல்லவில்லை, நீங்களும் அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது 2014ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, 23 பேர் மட்டுமே. ஒரு பிரிவினர் தாங்களே உட்கார்ந்து பேசிப் புத்தகம் உருவாக்கினார்கள், மற்றவர்களுக்குச் சொந்தக்காரர்கள் செய்து பரிசாகக் கொடுத்தார்கள். செய்துகொண்டிருந்த காலத்தில் முதல் பிரிவினருக்கு முன்னேற்றம் தெரிந்தது, எல்லோர் கையிலும் புத்தகம் வந்து சில வாரம் ஆனபோது இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. பேச முடிகிறவர்களோடு சேர்ந்து செய்வதுதான் நல்லது, பேச்சு போய்விட்டிருந்தாலும் வீட்டார் செய்து கொடுப்பது வீணாகாது என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

ஆய்வை விடுங்கள், வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தையைக் காலையில் குளிக்க வைப்பது தினமும் பெரிய போராட்டமாக இருந்தது, அடித்துக்கூட விடுவார். ஏஜென்சியிலிருந்து புதிதாக வந்த பெண் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், ஆனால் பக்கத்துக்கு இரண்டு வரிதானே, முதல் நாளே அத்தையோடு உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டார். “டூட்டி முடிந்து வந்ததும் குளித்தால்தான் எனக்கு அலுப்புத் தீரும்” என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதைப் படித்தவர்கள்தான். அவர்தான், “அப்போ சாயங்காலம் குளிக்க வைக்கலாமே” என்றார். அடி நின்றுவிட்டது. முழுசாக இல்லை, ஆனால் பெரும்பாலும்.

நான் வசிக்கும் இங்கிலாந்தில் அல்சைமர்ஸ் சொசைட்டி ‘திஸ் ஈஸ் மீ’ என்ற ஒரு படிவம் தருகிறது, ஆஸ்பத்திரியில் சேரும்போது கையில் எடுத்துக்கொண்டு போவதற்கு. அதை நினைவில் வைத்து, அத்தைக்கும் ஒரே ஒரு தாள் தனியாக வேண்டும் என்று மையத்தில் கேட்டேன்: எப்படிக் கூப்பிட வேண்டும், எது பயமுறுத்தும், எதைச் சொன்னால் அமைதியாவார், கண்ணாடி எப்போது வேண்டும். சிறுநீர்த் தொற்றால் அத்தை வார்டில் படுத்த ராத்திரி குழப்பம் திடீரென்று பல மடங்கானது (முதியவர்களுக்கு எந்தத் தொற்று வந்தாலும் இப்படி ஆகலாம், அதற்கு டெலீரியம் என்று பெயர், டிமென்ஷியா, அதாவது மறதி நோய், முற்றிவிட்டது என்று பயந்துவிட வேண்டாம்). ராத்திரி டூட்டி நர்ஸ் அந்தத் தாளைக் கேஸ் ஷீட்டோடு கட்டிவைத்து, அடுத்த ஷிஃப்டுக்கும் சொல்லிவிட்டுப் போனார். அத்தையைக் கட்டிலோடு கட்டிப்போடாமல் சமாளித்தார்கள். அந்த நர்ஸுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மையத்தில் குறைகளும் உண்டு. அழைத்துவர வண்டி கிடையாது, மாலையில் சீக்கிரமே மூடிவிடுகிறார்கள், வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது தோதுப்படாது. எழுந்து நடமாட முடிகிறவர்களைத்தான் சேர்க்கிறார்கள். வீட்டுப் பக்கம் நடந்தது வேறு: புத்தகம் அழுக்காகிவிடும் என்று பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டார்கள். இப்போது இரண்டு பிரதி, ஒன்று அத்தையின் கட்டிலருகே, மடங்கினாலும் பரவாயில்லை என்று. பலர் கைக்குப் போகும் என்பதால் முகவரி, ஃபோன் நம்பர், பேங்க் விவரம் எதுவும் அதில் இல்லை.

ஊருக்குப் போகும் எண்ணத்தில் இருக்கிறவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே உறவுக்காரர்களிடம் பழைய படங்களைக் கேட்டு ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள், யார், எங்கே, ஏறக்குறைய எந்த வருஷம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனபிறகு அந்த நேரத்தை அவர்களோடு உட்காரச் செலவழிக்கலாம். பேசுவதை, அவர்கள் சம்மதித்தால், ஃபோனில் பதிவு செய்யுங்கள், பின்னால் எழுத்து பயன்படாமல் போகும்போது குரல் பயன்படும். நோய் கூடக்கூடப் புத்தகத்தையும் மாற்ற வேண்டும், வரிகளைக் குறைத்து, படங்களைப் பெரிதாக்கி, கையில் தொட்டுப் பார்க்க ஏதாவது சேர்த்து. அத்தைக்கு அடுத்து அப்படி ஒன்றுதான் செய்யப்போகிறார்கள். பழைய ஆபரேட்டர் ஹெட்செட் எங்காவது கிடைக்குமா என்று அத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார், உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.