பனை வேஷமா, குட்டைக் கம்பமா, ஒரே கோபுரமா?

புறாமலைத் தீவிலிருந்து படகில் திரும்பும்போது, திருகோணமலைக்கு வடக்கே உள்ள நிலாவெளிக் கரை ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். பனையும் தென்னையும் போட்ட கோடு. அதற்கு மேலே எது எழும்பினாலும் கண் அங்கேதான் போகும். சிவப்பு வெள்ளை போன் கோபுரம் என்றால் கேட்கவே வேண்டாம். போனும் வேண்டும், கரையும் கெடக்கூடாது என்றால் மூன்று வழிகளைச் சொல்கிறார்கள்.

முதலாவது, கோபுரத்துக்கு மர வேஷம் போடுவது. அமெரிக்காவில் 1990களிலேயே பைன் மரம் போலச் செய்து நட்டார்கள். படத்தில் அழகுதான். ஆனால் உண்மை மரங்களின் இலையும் கிளையும் போன் அலையை மறிக்கும். அதனால் அன்டெனா சுற்றியுள்ள மரங்களுக்கு மேலே நின்றாக வேண்டும். தோப்புக்கு மேலே தனியாகத் தலை நீட்டும் பனையை எந்தப் பிள்ளையும் பொய்ப்பனை என்று சொல்லிவிடும். பிளாஸ்டிக் ஓலை வெயிலில் வெளிறி உதிர்ந்து, கடைசியில் கடலுக்குத்தான் போகும். பவளப்பாறைக்கு முன்னால் அது எதற்கு?

இரண்டாவது, உயரத்தைக் குறைத்து, ஹோட்டல் கூரையிலும் தெருவிளக்குக் கம்பத்திலும் சின்னச் சின்ன அன்டெனா வைப்பது. திருகோணமலை நகருக்குள் இதுதான் சரி. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையை மறைக்க ஒன்றுமே எழும்பக்கூடாது, கூரைகளுக்கோ பஞ்சமில்லை. நிலாவெளியில்தான் சிக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மீட்டர் உச்சியிலிருந்து அடிவானம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், 15 மீட்டரிலிருந்து 14 கூட இல்லை. கரையில் காற்று வாங்குபவருக்கு இது பெரிய விஷயமில்லை. எஞ்சின் நின்றுபோன படகில் இருந்து வீட்டுக்குப் போன் எடுக்கப் பார்ப்பவருக்கு அந்தப் பதினொரு கிலோமீட்டர்தான் எல்லாம். அழகுக்கான விலையைக் கடற்றொழிலாளி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது, கம்பனிகள் எல்லாம் ஒரே கோபுரத்தைப் பகிர்வது. என் ஓட்டு இதற்குத்தான், குறை தெரிந்தேதான். ஒன்றின் அன்டெனாவுக்கும் மற்றதன் அன்டெனாவுக்கும் இடைவெளி விடவேண்டும் என்பதால் கோபுரம் உயரும். பாரம் கூடுவதால் கால்களும் அகலும். ஆனாலும் மூன்று நிற்கிற இடத்தில் ஒன்று. அதையும் கரையோரம் நடாமல், றோட்டுக்கு மேற்கே உப்பளப் பக்கம் ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளினால் கடலில் இழப்பது அந்த ஒரு கிலோமீட்டர்தான். பறவைகள் வரும் இடம் அது. ஆகவே அவை மோதக்கூடிய இழுவைக் கம்பி கட்டாத, தன் காலில் நிற்கும் கோபுரமாக இருக்கட்டும். ஃபைபர் கேபிளை நிலத்துக்கடியால் கொண்டுவந்தால் கோபுரத்துக்குக் கோபுரம் இணைப்புக் கொடுக்க மத்தளம் மாதிரித் தொங்கும் டிஷ்களையும் கழற்றலாம். பாதி அவலட்சணம் அவற்றால்தான்.

நிறம்? பச்சை அடித்தால் வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரியும். துத்தநாகம் பூசிய மங்கல் சாம்பல் நிறமே மேல். சீனக்குடா விமானத் தளத்துக்குக் கிட்ட மட்டும் அந்த ஆசை வேண்டாம். விமானியின் கண்ணில் பட வேண்டியது கட்டாயம்.

பகிர்வதற்குத் தடை தொழில்நுட்பமில்லை. கோபுரம் நிற்கும் காணிக்கு மாத வாடகை வரும். மூன்று ஒன்றானால் இரண்டு காணிக்காரருக்கு அது இல்லை. ஊர்க் கூட்டத்தில் முதலில் எழும்பிப் பேசப்போவது அவர்கள்தான்.